மூன்று பெயர், ஒரே ஆள்: ஒரு சிரிப்புக் கதை மூன்று முறை எழுதப்பட்ட விதம்

உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் நாங்கள் ஆறு பேர், ஆறு பேரும் பெண்கள். சேர்ந்து ஒரு சிரிப்புக் கதை எழுதுவது என்று முடிவு செய்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று யோசிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோருடைய கைப்பேசியிலும் அது ஏற்கெனவே இருந்தது. வெளிநாட்டு மருத்துவர், எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளர், மனைவியை இழந்த கப்பல் கேப்டன் என்று யாரோ ஒருவருடைய படத்தை முகமாக மாட்டிக்கொண்டு "ஹாய் டியர்" என்று வந்து நிற்கும் ஃபேக் ஐடிகள். 2024இல் மட்டும் சிங்கப்பூரில் 51,501 மோசடிப் புகார்கள் பதிவாயின. பறிபோன பணம் குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). காதல் மோசடி அதில் ஒரு பகுதிதான். ஆனால், மற்ற மோசடிகளில் பணத்தை இழந்தவர் கோபத்தோடு வெளியே சொல்கிறார். இதில் பணத்தை இழந்தவர் வாயை மூடிக்கொள்கிறார்.

அந்த மௌனத்தைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாத நேரத்தில்தான் கதையைத் தொடங்கினோம்.

முதல் வரைவு

முதல் வரைவை நான்தான் எழுதினேன். நாயகி கோமளம், 58 வயது, ஓய்வு பெற்ற தாதி, மார்சிலிங்கில் மூவறை வீட்டில் தனியாக இருப்பவர். "லண்டன் டாக்டர் ஆதவன்" அவருக்குச் செய்தி அனுப்புகிறார். கோமளம் முஸ்தஃபாவில் போய் முகப்பூச்சு வாங்குகிறார், நாற்பது வருடத்துக்குப் பிறகு கண்ணுக்கு மை இடுகிறார், செல்ஃபி எடுக்கத் தெரியாமல் நெற்றியையும் மின்விசிறியையும் மட்டும் படம் பிடித்து அனுப்புகிறார். கடைசியில் 4,600 வெள்ளியை அனுப்பிவிட்டு, விமான நிலையத்தில் ரோஜாப்பூவோடு நிற்கிறார். டாக்டர் வரவில்லை. அவ்வளவுதான் கதை.

வாசித்தபோது சிரிப்பு பொங்கியது. மின்விசிறி செல்ஃபிக்கு ஒருவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எங்களில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் போத்தலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். தே போட்டுக் கொடுத்தார். கதையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் முக்கால் மணி நேரம் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். நான் கிளம்பி வாசலில் செருப்பைப் போடும்போதுதான் சொன்னார்.

"நான் பணம் குடுத்தது முட்டாள்தனத்தால இல்லம்மா. காலையில எழுந்தா 'பசியாறியாச்சா'ன்னு கேக்க வீட்டுல ஆள் இல்ல. அவன் கேட்டான். தினமும் கேட்டான்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன். அன்று அவர் சொன்னவற்றில் கதைக்கு வந்தது, அவர் சம்மதித்த பகுதி மட்டும்தான். மற்றவை அவருடையவை.

அவர் சொன்னதில் ஒன்று என்னை உலுக்கியது. தன்னை லண்டனில் வளர்ந்தவன் என்று சொல்லிக்கொண்ட அந்த ஆள், முதல் வாரத்திலேயே "பசியாறியாச்சா" என்று எழுதிவிட்டான். காலை உணவைப் பசியாறுவது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள். லண்டனில் வளர்ந்தவன் வாயில் அந்தச் சொல் எப்படி வரும்? அக்காவுக்கு அது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தே பதில் எழுதினார். "லண்டன்ல இல்லாம உள்ளூர்லயே இருந்தா நல்லதுதானேன்னு நினைச்சேன்" என்றார்.

நான் எழுதிய கோமளத்துக்கு ஒன்றும் தெரியாது. உண்மையான மனுஷிக்கு எங்கள் மற்ற ஐந்து பேரையும்விட அதிகம் தெரிந்திருந்தது.

எங்கே பிழை

எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அக்காவின் சம்மதத்தோடு நடந்ததைச் சொன்னபோது அவர் நேராகத் தொல்காப்பியத்துக்குப் போனார். உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் அதன் மெய்ப்பாட்டியலில் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, நான்கு காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: எள்ளல், இளமை, பேதைமை, மடன். "நம்ம கதை மூணாவதுலயே மாட்டிக்கிட்டு நிக்குது" என்றார் டீச்சர். பேதைமையை மட்டும் வைத்துச் சிரிக்க வைத்திருந்தோம். அதுவும் யாருடைய பேதைமை? அடிபட்டவருடையது. அடித்தவனைப் பார்த்துக் கதையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவன் கதைக்குள் வரவே இல்லை. பெயரும் படமும் மட்டும்தான் அவன்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். மடன் என்பதை, ஒருவர் கொளுத்திக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது என்று உரைகளில் விளக்குவார்கள். மனப்பாடம் செய்துகொண்டு வந்த வசனத்தை எது நடந்தாலும் விடாமல் ஒப்பிக்கிறவன் யார்? இந்த ஏமாற்றுக்காரன்தான். அவன் மூன்று பெண்களிடம் மூன்று பெயரில் பேசுகிறான் என்றால், மூன்று பாடத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த வேலை எவ்வளவு கடினமானது, எங்கெல்லாம் வழுக்கும் என்பதுதான் சிரிப்பு. அன்றைக்குக் கதையின் முதுகெலும்பு எங்களுக்குக் கிடைத்தது.

இரண்டாவது வரைவு, கோபத்தோடு

சிரிப்பை இடம் மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஆனால், அக்காவின் கதையைக் கேட்டபிறகு எங்களுக்கு வந்தது சிரிப்பு அல்ல, ஆத்திரம். இரண்டாவது வரைவை ஆத்திரம்தான் எழுதியது.

இந்த வரைவில் பெண்கள் மூன்று பேரானார்கள்: கோமளம், பள்ளி உணவகத்தில் கடை வைத்திருக்கும் பவானி, 41 வயது, அலுவலக வேலை பார்க்கும் நித்யா, 33 வயது. கோயில் அன்னதானத்துக்கு மூவரும் ஒரே மேசையில் பூசணிக்காய் நறுக்குகிறார்கள். மூன்று கைப்பேசிகளும் ஒரே நொடியில் 'டிங்' என்கின்றன. மூன்றிலும் அதே ரோஜாப்பூ, அதே வரி: "உன் முகத்தில்தான் என் சூரியன் உதிக்கிறது." அனுப்பியவர்கள் மட்டும் வேறு வேறு ஆட்கள். கோமளத்துக்கு டாக்டர் ஆதவன், பவானிக்குக் கேப்டன் ரகு, நித்யாவுக்குத் தேவாரம் பாடும் சிவநேசன். இந்தக் காட்சி கடைசி வரைவிலும் அப்படியே இருக்கிறது. பூசணிக்காய் கத்தியோடு மூன்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்த இடத்தில் வசனம் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு வந்தது பழிவாங்கல். அவனுடைய நிஜப் பெயர், வேலையிடம், கைப்பேசி எண், அடுக்குமாடி வீட்டின் புளோக் எண் எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் போட்டு, ஐம்பது வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புகிறார்கள். இன்னொரு பக்கம், பவானி ஒரு ஃபேக் ஐடி தொடங்குகிறாள். ஜோகூர் பாருவில் செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் பணக்கார விதவை மீனலோசனி. மீனலோசனி ஆசை காட்டி அவனிடமிருந்து 4,600 வெள்ளியைத் திரும்பக் கறந்துவிடுகிறாள். வாசித்து முடித்ததும் கை தட்டினோம்.

எங்களில் ஒருவர் சட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். அவர் மட்டும் கை தட்டவில்லை. "இந்த மூணு பேரும் ஜெயிலுக்குப் போற கதையா இது?" என்று கேட்டார்.

அவர் சொன்னதை விரிவாகவே எழுதுகிறேன். இணையத்தில் ஒருவன் ஏமாற்றினால் அவன் விவரத்தைப் போட்டுக் கிழிப்பது சரிதான் என்று நினைக்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். 2014இல் வந்த துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. ஒருவருக்குத் தொல்லையோ அச்சமோ துயரமோ கொடுக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது அந்தத் திருத்தத்தால் குற்றம் ஆனது. 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அந்த ஆள் மோசடிக்காரன் என்பதால் மட்டும் இது சரியாகிவிடாது. மீனலோசனி பணம் கறந்தால் அது ஏமாற்றிப் பொருளைப் பறித்த குற்றம். பத்து ஆண்டு வரை சிறை.

"மீனலோசனின்னு ஒரு ஆளே கிடையாதே, அப்ப அது எப்படி ஆள்மாறாட்டம் ஆகும்?" என்று நான் கேட்டேன். எழுத்தர் புன்னகைத்தார். தண்டனைச் சட்டத்தில் ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவதை விளக்கும் பிரிவு, மாறாட்டம் செய்யப்படுபவர் உண்மையான ஆளாக இருந்தாலும் கற்பனை ஆளாக இருந்தாலும் ஒன்றுதான் என்றே சொல்கிறது. டாக்டர் ஆதவனும் கற்பனை, மீனலோசனியும் கற்பனை. சட்டத்தின் முன்னால் இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

கதைக்குச் சட்டம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். கதையில் கொலையே செய்யலாம். ஆனால், எங்களைத் தடுத்தது சட்டம் மட்டும் அல்ல. இந்த வரைவில் பெண்கள் அவன் செய்ததையே திருப்பிச் செய்தார்கள். அவன் ஆயுதத்தையே வாங்கி வீசியதால் கதை அவனுடையதாகவே முடிந்தது. அப்புறம், அதில் சிரிப்பும் இல்லை. கை தட்டியதைச் சிரித்ததாக நினைத்துவிட்டோம்.

நம்புவது என்னும் பழிவாங்கல்

மூன்றாவது வரைவுக்கு வழி காட்டியது மறுபடியும் டீச்சர்தான். கலித்தொகையின் மருதக்கலியில் சில காட்சிகள் உண்டு. பரத்தையிடம் போய்விட்டு வரும் தலைவன் வாசலில் நின்று ஏதாவது ஒரு பொய் சொல்வான். குதிரை ஏறப் போயிருந்தேன், யானை பார்க்கப் போயிருந்தேன், குறும்பூழ்ப் போர், அதாவது காடைச் சண்டை, பார்க்கப் போயிருந்தேன். தலைவி அவனை மறுத்துப் பேசுவதில்லை. "ஆமாம், அந்தக் குதிரையை எனக்கும் தெரியும்" என்று அவன் பொய்யையே எடுத்துக்கொண்டு, அந்தக் குதிரையின் பிடரி எப்படி, அணிகலன் எப்படி என்று வருணித்துக்கொண்டே போவாள். ஒவ்வொரு வருணனையிலும் அந்தப் பெண் வந்து நிற்பாள். அவன் சொன்ன பொய்யை அவனைவிட அதிகமாக நம்பி, அதன் பாரத்தாலேயே அவனை நசுக்குகிறாள். சங்கத் தமிழில் இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று தெரிந்த நாள் எனக்குப் பெரிய நாள்.

ஆக, எங்கள் பெண்கள் மூவரும் அவனைக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு நம்பத் தொடங்கினார்கள். முழு மூச்சோடு.

கோமளம் நாற்பது வருடம் தாதியாக இருந்தவர். டாக்டர் ஆதவனிடம் தன் ரத்த அழுத்த மாத்திரைகளின் பெயர்களை வரிசையாக அனுப்பி, எதை எதோடு சேர்க்கலாம் என்று கேட்கிறார். பதில் வர இரண்டு மணி நேரம் ஆகிறது. வந்த பதிலில் இருந்தது ஒரு மூட்டுவலித் தைலம். "ரொம்ப நன்றி டாக்டர், என் தம்பியும் லண்டன்லதான் இருக்கான், நாளைக்கு உங்க ஆஸ்பத்திரிக்கே வந்து பாக்கச் சொல்லியிருக்கேன், எந்த வார்டு?" என்கிறார் கோமளம். அன்றிரவே டாக்டர் லண்டனை விட்டு வேலையை மாற்றிக்கொள்கிறார்.

பவானி கேப்டனிடம் கேட்கிறாள்: "கடல்ல இப்ப எந்தப் பக்கம் இருக்கீங்க? சூரியன் எந்தப் பக்கம்? ஒரு போட்டோ அனுப்புங்களேன்." அவன் அனுப்பிய கடலில், ஓரமாக, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் சைக்கிள் வாடகைக் கடை தெரிகிறது. பவானி அதைச் சொல்லவில்லை. "கப்பல்லயே சைக்கிள் விடுறாங்களா, அடேங்கப்பா!" என்று மட்டும் எழுதுகிறாள். நித்யாவின் சிவநேசனோ ஒருநாள் தேவாரத்துக்குப் பதில் கேப்டனின் கப்பல் அட்டவணையை அனுப்பிவிடுகிறான்.

மொழி வழுக்கும் இடங்களை அக்கா எழுதிக் கொடுத்தார். லண்டன் டாக்டர் "இருபது வெள்ளி" என்கிறார். தமிழ்நாட்டுக் கடலோடிக் குடும்பத்தில் பிறந்ததாகச் சொல்லும் கேப்டன், "புளோக்குக்குக் கீழே கோப்பி குடிச்சேன்" என்கிறார். ஒவ்வொரு பெண்ணும் தன் ஆளிடம் மட்டும் இருந்த பிழையைக் கண்டிருந்தாள். மூவரும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவன் ஒரே ஆள் என்பதும், அந்த ஆள் சிங்கப்பூரைத் தாண்டி எங்கும் போகாதவன் என்பதும் தெரிகிறது. சிங்கப்பூர்த் தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே வரும் சிரிப்பு வேறு யாருக்கும் முழுதாக வராது. அதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை.

பவானியின் விஷயம்

மீனலோசனியை வைத்துக்கொள்வதா, விடுவதா? அதிக நேரம் சண்டை போட்டது இதற்குத்தான். கடைசியில் வைத்துக்கொண்டோம், பணம் கேட்காத மீனலோசனியாக. அவன் தானாகவே தன் நிஜ முகத்தோடு ஒரு இடத்துக்கு வர வேண்டும், அதற்கு மட்டும்தான் அவள். கதைக்குள்ளேயே நித்யா சட்டத்தைச் சொல்லிப் பயப்படுகிறாள். கோமளம் மோசடி உதவி எண்ணான 1799க்கு அழைத்து மோசடியைப் பற்றிப் பேசிவிடுகிறார். மூவரும் செய்திகளை எல்லாம் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால், மீனலோசனியாக எழுதுவது பவானி. இரவு பதினொரு மணிக்கு, பாத்திரம் கழுவி முடித்து, மாமியார் தூங்கியபிறகு எழுதுகிறாள். மீனலோசனிக்குக் கடன் இல்லை, மாமியார் இல்லை, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து நாசி லெமாக் கட்ட வேண்டியது இல்லை. மூன்றாம் வாரத்தில், திட்டத்துக்குத் தேவையே இல்லாத ஒரு செய்தியைப் பவானி அனுப்புகிறாள்: தோட்டத்தில் மழை பெய்கிறது என்று. மற்ற இருவரிடமும் அதை மறைக்கிறாள்.

இதை எழுதியபோது எங்களில் இரண்டு பேர் கடுமையாக எதிர்த்தார்கள். பெண் பெண்ணுக்குச் செய்யும் துரோகமாக இது போய்விடும் என்றார்கள். ஏமாந்தவள் மறுபடி ஏமாறுகிறாள் என்று வாசகர் சிரிப்பார், பழைய குழியிலேயே விழுவோம் என்றார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அக்காதான் விடவில்லை. "அவ அவன்மேல ஆசைப்படல. மீனலோசனிமேல ஆசைப்படுறா" என்றார். அதற்குப் பிறகு யாரும் எதிர்க்கவில்லை. பொய் முகம் போடுகிறவர்கள் எல்லோரும் பணத்துக்காகத்தான் போடுகிறார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அந்த ஒரு வாக்கியம் என்னைத் திருத்தியது. இந்தக் கதையில் என்னை மிகவும் பாதிக்கும் பகுதி இதுதான், சிரிப்பே இல்லாத பகுதியும் இதுதான்.

தேக்காவில்

முடிவு தேக்கா நிலையத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம், உணவங்காடியில் நடக்கிறது. மீனலோசனி சொன்ன மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்திருக்கிறார்கள். அவன் வருகிறான். படத்தில் இருந்ததைவிட இருபது வயது மூத்தவன், சட்டை இஸ்திரி போட்டிருக்கிறான். பிரியாணி வாங்கிக்கொண்டு உட்காருகிறான்.

இடப்பக்க மேசையிலிருந்து கோமளம் அன்பாகக் கூப்பிடுகிறார்: "டாக்டர்!" அவன் தலை திரும்புகிறது. வலப்பக்கத்திலிருந்து நித்யா: "சிவநேசன் சார், ஒரு தேவாரம்?" தலை அந்தப் பக்கம் போகிறது. பின்னாலிருந்து பவானி: "கேப்டன்!" மூன்று பேரும் மாறி மாறிக் கூப்பிடுகிறார்கள். திட்டவில்லை, சத்தம் போடவில்லை, மரியாதையாகவே கூப்பிடுகிறார்கள். எந்தப் பெயருக்குத் திரும்புவது, எந்தப் பெயருக்குத் திரும்பக் கூடாது என்று தெரியாமல் அவன் கழுத்து படும் பாட்டை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறோம். கூடத்தில் வாசித்தபோது சிரிப்பு அடங்கவே இல்லை. அக்காவும் சிரித்தார். இந்த முறை சிரிப்பு எங்கே விழுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவன் எழுந்து ஓடப் பார்க்கிறான். சுத்தம் செய்யும் அம்மா குறுக்கே வந்து நிற்கிறார்: "ஐயா, தட்டை எடுத்து வெச்சிட்டுப் போங்க." உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை எடுப்பது 2021 செப்டம்பர் 1இல் தொடங்கியது. முதல் தடவை எழுத்து மூலம் எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி. மூன்று பெயரில் ஏமாற்றியவன் இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு, மூன்று பெண்களையும் கடந்து, தட்டு அடுக்கும் இடத்துக்கு நடந்து போகிறான். அந்த நடையை எழுதியது அக்கா. எங்களில் யாராலும் அப்படி எழுத முடியவில்லை.

வாசலில் போலீஸ் நிற்கலாமா என்று யோசித்தோம், வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மூவரும் மறுநாள் புகார் கொடுக்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்தோம். கோமளத்தின் பணம் கதையில் திரும்பி வரவில்லை. திரும்பி வருவதாக எழுத அக்கா சம்மதிக்கவில்லை.

கடைசியாக மிச்சம் இருந்தது மீனலோசனியின் கணக்கு. அதை அழித்துவிட வேண்டும் என்று எழுத்தர் சொன்னார். சட்டப்படியும் அதுதான் நல்லது. டீச்சருக்கும் அதுவே சரியாகப் பட்டது. அக்கா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பவானி அழிக்க மாட்டாள், ஆனால் இனித் திறக்கவும் மாட்டாள் என்றார். அப்படியே எழுதினோம். பவானி கடவுச்சொல்லை மாற்றுகிறாள். புதியதைத் தான் பார்க்காதபடி கோமளத்தையே தட்டச்சு செய்யச் சொல்கிறாள். கோமளம் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, மார்சிலிங் வீட்டு அரிசி டின்னின் அடியில் வைத்து மேலே அரிசியைக் கொட்டுகிறார்.